கடன் ஏட்டைக் காட்டச் சொல்லும் உரிமை

நம் வீடுகளில் ஒரு பெட்டி இருக்கும். பீரோவின் அடித்தட்டிலோ, பரணில் ஏற்றி வைத்த தகரப் பெட்டியிலோ குடும்பத்தின் காகிதங்களெல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். வீட்டுப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நிக்காஹ் பதிவேட்டின் நகல், பாட்டனார் காலத்துத் தீர்வை ரசீது எனப் பலவும் அங்கே கிடைக்கும். ஆனால் அக்குடும்பம் வாங்கிய கடனுக்குரிய ஒப்பந்தத்தைத் தேடினால் மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. பணம் செலவாகிவிட்டது, தவணையும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது, எழுத்து மட்டும் நம்மிடம் இல்லை.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் பெறச் செல்கிறோம். மேசைமீது ஒரு கட்டுக் காகிதம் வைக்கப்படுகிறது. பென்சிலால் பெருக்கற்குறி இட்ட இடங்களிலெல்லாம் முப்பது, நாற்பது கையெழுத்துகள் இடுகிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வெட்கம். கேட்டால் கடன் கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. கட்டு முழுவதும் அவர்களது அலமாரிக்குள் சென்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு கட்டினோம், அதில் அசலுக்கு எவ்வளவு கழிந்தது, தாமதத்திற்கென்று எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்கெல்லாம் அவர்கள் சொல்வதே கணக்கு.

அந்தக் கணக்கைக் காட்டச் சொல்வதும், அதன் பிரதியைக் கேட்பதும் கடன் வாங்கியவருக்குச் சட்டம் அளித்துள்ள உரிமைகள். வட்டியின் மார்க்கத் தீர்ப்பைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. அது ஹராம் என்பதை மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆயினும் நிர்ப்பந்தத்தில் நகையை அடகு வைத்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் கடன் பட்டவர்கள், உறவினருக்கு ஜாமீன் கையெழுத்திட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் நம் மஹல்லாக்களில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது தங்கள் கணக்கு இன்னதென்று அறிவது. மீளும் வழி அதன் பிறகுதான் புலப்படும்.

கடன்பட்டவர் சொல்ல, எழுத்தர் எழுத

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இருக்கும் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். அது கடனை எழுதிவைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தவணையிட்ட கடனை எழுத்தில் பதியச் சொல்கிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்கிறது. சாட்சிகளை வைக்கச் சொல்கிறது. சிறிய தொகையாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. ஆனால் இவற்றுக்கு நடுவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பாடம் நடத்தும்போது நாம் அதை விரைந்து கடந்துவிடுகிறோம். பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? பணம் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவரே. அவர் பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும்.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். பொறுப்பு யார் தலைமீது ஏறுகிறதோ அவரது வாயிலிருந்தே வாசகம் வரவேண்டும் என்றால், தாம் ஒப்புக்கொள்வது இன்னதென்று அவர் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் சொல்ல முடியாதல்லவா? இன்று நடப்பது முற்றிலும் எதிரானது. வாசகத்தைக் கொடுப்பவர் எழுதுகிறார், கொடுப்பவரே வைத்துக்கொள்கிறார், வாங்கியவர் அதைப் படித்ததுகூட இல்லை.

ஏடுகள் எரிந்த கதை

கடன் ஏடு ஒருவர் கையிலேயே இருந்தால் என்ன நேரும் என்பதை நம் நாட்டு வரலாறு ஒருமுறை காட்டியிருக்கிறது. 1875ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், பூனா மாவட்டத்துச் சூபா என்னும் சந்தைக் கிராமத்தில் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் திரண்டார்கள். லேவாதேவிக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். அவர்கள் முதன்மையாகத் தேடியது பணத்தையன்று. கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையுமே. அவற்றைப் பறித்துத் தீயிட்டார்கள். அகமதுநகர் மாவட்டத்திற்கும் கலவரம் பரவியது. தக்காணக் கலவரம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதையே.

ஏன் ஏட்டின்மீது அத்தனை கோபம்? 1859இல் வந்த காலவரம்புச் சட்டம், கடன் பத்திரம் மூன்றாண்டுகளுக்கே செல்லும் என்று வரையறுத்தது. வட்டி காலவரையின்றிக் குட்டி போடாமல் தடுப்பது அதன் நோக்கம். லேவாதேவிக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மூன்றாண்டு முடியும்போதெல்லாம் குடியானவரை அழைத்துப் புதுப் பத்திரம் எழுதினார்கள். பழைய அசலும் அதுவரை சேர்ந்த வட்டியும் புதுப் பத்திரத்தில் ஒரே அசலாகிவிடும். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெருவிரல் ரேகை, அவர் அறியாத தொகைக்குக் கீழே பதிந்தது. வருடந்தோறும் அடகுக் கடைக்குச் சென்று நகையை 'மாற்றி வைத்து' வரும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

விசாரணைக் குழு அமைந்தது. 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. கட்டிய தொகைக்கு எழுத்து ரசீது, ஆண்டுதோறும் கணக்கு அறிக்கை, கேட்டால் பாஸ் புத்தகம் என மூன்றையும் கடன்பட்ட விவசாயியின் உரிமையாக அச்சட்டம் ஆக்கியது. 1930இல் பஞ்சாப் மாகாணம், கடன்காரர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்து ஆறு மாதத்திற்கொருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றியது. நம் பகுதியில் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டமும், 1957ஆம் ஆண்டின் பணக் கடன் கொடுப்போர் சட்டமும் இதே வழியில் வந்தவை. கணக்கை முறையாக எழுதி வைப்பதும், ரசீது கொடுப்பதும் அவற்றின்படி கொடுப்பவரின் கடமைகள். இச்சட்டங்களின் கீழ் உரிமம் வழங்குபவர் வட்டாட்சியர். அடகுக் கடைக்காரர் சீட்டுத் தர மறுத்தால், முறையிட வேண்டிய இடமும் வட்டாட்சியர் அலுவலகமே.

உரிமமே இல்லாத தண்டல்காரரும் மீட்டர் வட்டிக்காரரும் வேறு இனம். அவர்கள் ஏடு வைப்பதில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்தும், தொகை எழுதாத காசோலையுமே அவர்களது ஏடு. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாகவே கருதுகிறது. வெற்றுத்தாளில் கையெழுத்திடுவது, எதிரியின் கையில் பேனாவைக் கொடுத்து நம் மரண சாசனத்தை எழுதச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கடன் பெறும் நாளில்

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை. கடன் ஒப்பந்தத்தின் பிரதியையும், அதில் குறிப்பிடப்படும் இணைப்புகளின் பிரதிகளையும் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 'தலைமை அலுவலகம் போயிருக்கிறது, வந்ததும் தருகிறோம்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வராதவர் யார்?

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்விதி இன்னும் கூர்மையாக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அனுமதிக்கப்படும் தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், ஒப்பந்தத்திற்கு முன்பே 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு ஆங்கிலத்தில் நீட்டினால் அவர் அதை ஏற்க வேண்டியதில்லை. படித்து முடிவு செய்ய ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடனாயின் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு.

அந்த அறிக்கையில் தேட வேண்டியது 'ஆண்டுச் சதவீத விகிதம்' என்ற ஒரே எண். எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாய் கடன் என்கிறார்கள். பரிசீலனைக் கட்டணம் 600, காப்பீட்டுப் பிரீமியம் 400 என்று கழித்துக்கொண்டு 19,000 கையில் தருகிறார்கள். வட்டியோ முழு 20,000க்கும் ஓடுகிறது. விளம்பரத்தில் சொன்ன வட்டி விகிதம் வேறு, உண்மையில் விழும் சுமை வேறு. இக்கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதே அந்த எண். அறிக்கையில் காட்டாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது. கேட்டால் தரவேண்டிய காகிதம் என்றில்லாமல், கேட்காமலே தரவேண்டிய காகிதமாக இது வந்திருப்பது பெரும் முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

குழுவாகச் சேர்ந்து சிறுகடன் பெறும் சகோதரிகளுக்குத் தனி விதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்திற்குத் தரும் ஈடற்ற கடனே சிறுகடன் எனப்படும். 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். செலுத்திய ஒவ்வொரு தவணைக்கும் ஒப்புகை அதில் பதியப்பட வேண்டும். கடன் முடிந்ததும் முடிந்தது என்ற ஒப்புகையும் வேண்டும். எங்கே முறையிடுவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். குழுத் தலைவியின் வீட்டில் எல்லாருடைய அட்டையும் கட்டாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அட்டை அவரவர் வீட்டில் இருக்க வேண்டியது. தலைவி நல்லவராக இருப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது.

நகையின் எடை யார் சொன்னது?

நம் குடும்பங்களில் மிகுதியாக நடப்பது நகைக்கடன். பள்ளிக் கட்டணம், பிரசவச் செலவு, மகளின் நிக்காஹ் என எதற்கும் முதலில் கழற்றப்படுவது பெண்ணின் கழுத்திலும் கையிலும் இருப்பதே. அந்நகை பல வேளைகளில் அவளுக்கு மஹராகக் கிடைத்ததாக இருக்கும். மஹர் மனைவியின் தனிச் சொத்து என்று மேடையில் முழங்குகிறோம். அடகுச் சீட்டில் இருப்பதோ கணவரின் பெயர். நாளை ஒரு வழக்கோ, தலாக்கோ, மரணமோ நேர்ந்தால் அந்த நகை யாருடையது என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டாமா? நகை மனைவியுடையதாயின் கடன் சீட்டும் அவர் பெயரிலேயே இருப்பதுதான் முறை.

தங்கம், வெள்ளியின் பேரில் கொடுக்கும் கடன்களுக்கென ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் விரிவான விதிகளை வெளியிட்டது. அவற்றை 2026 ஏப்ரல் முதல் நாளுக்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் எனக் கெடுவும் விதித்தது. நகையை எடை போடுவதும் மாற்றுப் பார்ப்பதும் கடன் வாங்குபவரின் முன்னிலையில் நடக்க வேண்டும். கல்லுக்கும் அரக்கிற்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதை விளக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, மாற்று, கழிவு, மதிப்பு ஆகியவற்றைக் குறித்த சான்றிதழின் ஒரு பிரதியை அவரிடம் தர வேண்டும். எழுத்தறிவில்லாதவருக்கு நிபந்தனைகளை ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இவற்றில் சான்றிதழே உயிர்நாடி. நகையை மீட்கும்போது ஒரு கண்ணி குறைந்திருந்தால், எடை குறைந்திருந்தால், ஏலத்தில் போய்விட்டதாகச் சொன்னால், வாதாட உங்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். கடனை முழுதும் அடைத்தபின் அன்றைக்கே, அல்லது அதிகம் போனால் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்களது தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் விடுவதாயின் முன்னறிவிப்பு வேண்டும். ஏலத் தொகை கடனுக்கு மேற்பட்டால் மிகுதியை ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஏலத்தில் நகை போனதோடு கதை முடிந்தது என்று கண்ணீர் விட்டு வீட்டிலிருந்துவிடும் சகோதரிகள், மிகுதித் தொகைக்கான கணக்கைக் கேட்டதுண்டா?

மவுத்துக்குப் பின்

ஜனாஸா தொழுகைக்கு முன்பு நம் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்புச் செய்யப்படுவதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். மரித்தவர் யாருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிப்பார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாவின் முன் நின்று, இவருக்குக் கடன் உண்டா என்று வினவிய வழக்கத்தின் தொடர்ச்சி அது. பாகப்பிரிவினைக்கு முன்பே கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயம் வலியுறுத்திச் சொல்கிறது. ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்டு முன்வருபவர்கள் கடைத்தெருவின் மளிகைக்காரரும் கைமாற்றுக் கொடுத்த நண்பரும்தாம். வங்கி ஜனாஸாவுக்கு வருவதில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, அதன் அறிவிப்புத்தான் வருகிறது.

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனின் தாயார் அத்தகைய ஓர் அறிவிப்புடன் வந்தார். கணவர் கடை வைக்க ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று லட்சம் ரூபாய் கடன் பெற்றிருந்தார், திடீரென மவுத்தாகிவிட்டார். "ஹஸரத், அவங்க எவ்வளவு கட்டுனாங்க, எவ்வளவு பாக்கின்னு ஒண்ணும் தெரியலெ. ஆபீஸ்ல போய்க் கேட்டா, கடன் வாங்குனவர் வந்தாத்தான் கணக்குச் சொல்லுவோம்ங்கிறாங்க. மவுத்தான மனுஷரெ நான் எங்கேருந்து கூட்டிட்டு வர்றது?" என்றார். இத்தா முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்தப் பெண்மணியின் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து ஒரு கடிதம் எழுதினோம். முதல் நாளிலிருந்து இன்று வரையிலான கணக்கு அறிக்கை, ஒப்பந்தப் பிரதி, பிடித்தம் செய்த கட்டணங்களின் விவரம் ஆகிய மூன்றைக் கேட்டோம். முதல் நாள் வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு மீண்டும் சென்றபோது, மேலாளரின் குரல் சற்றுத் தணிந்திருந்தது. மூன்றாம் வாரத்தில் கணக்கு வந்தது. கடன் கொடுத்த அன்றே ஆயுள் காப்பீட்டுக்கென 7,400 ரூபாய் பிடித்திருந்தது அதில் தெரிந்தது. அதாவது, கடன் வாங்கியவர் இறந்தால் நிலுவையைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. கணவர் அதை வீட்டில் சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ! நிதி நிறுவனமும் வாய் திறக்கவில்லை. உரிய மனுவைக் கொடுத்ததில் நிலுவையின் பெரும்பகுதி அடைபட்டது. எஞ்சியதைக் கடைச் சாமான்களை விற்றுக் கட்டினார்கள். அந்தக் காப்பீட்டின் மார்க்க நிலை பற்றித் தனியே பேசலாம். கேட்காமலே பிடித்துக்கொண்ட பணம் அந்தக் குடும்பத்துடையது.

வாரிசுகள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே அவரது கடன் வாரிசுகளைப் பற்றும். ஜாமீனாகவோ கூட்டுக் கடனாளியாகவோ கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே அவர்களது சொந்தப் பொருளைத் தொட முடியும். யார் யார் எங்கே கையெழுத்திட்டார்கள் என்பதற்கும் ஒப்பந்தப் பிரதிதான் சாட்சி.

உங்களைப் பற்றி எழுதப்பட்ட இன்னொரு ஏடு

வங்கியிலுள்ள ஏட்டைத் தவிர, நம்மைப் பற்றி வேறொரு ஏடும் எழுதப்பட்டு வருகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. சிபில், எக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் நாடெங்கும் கடன் வாங்கியவர்களின் நடத்தையைப் பதிவு செய்கின்றன. எங்கே எவ்வளவு வாங்கினோம், எந்த மாதம் தவறினோம், யாருக்கு ஜாமீன் நின்றோம் என்பதெல்லாம் அங்கே உண்டு. மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், தம் பிள்ளையின் கல்விக் கடனுக்குச் செல்லும்போதுதான் தமது பெயர் கெட்டிருப்பதை அறிகிறார்.

இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டிலிருந்து நடைமுறை. அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையென்று காட்டினாலோ, வாங்காத கடன் நம் பெயரில் ஏறியிருந்தாலோ திருத்தக் கோரலாம். முறையீடு கிடைத்த 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என 2023 அக்டோபரில் விதிக்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆயினும் அந்த விதியை மேற்கோள் காட்டி எழுதினால் கடிதத்திற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஒரு சொல்லை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கடனை முழுதும் அடைத்தவர் கணக்கில் 'முடிக்கப்பட்டது' என்றும், பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர் கணக்கில் 'செட்டில்' என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. பின்னது பல ஆண்டுகளுக்குப் புதுக் கடனுக்குத் தடையாக நிற்கும். பேசித் தீர்க்கும்போதே எந்தச் சொல்லை எழுதப் போகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளில் கடன் வாங்கும் இளைஞர்களின் நிலை வேறு. அங்கே நம் ஏடு அவர்களிடம் இருப்பதோடு, நம் உறவினர்களின் தொலைபேசி எண்களும் போய்விட்டன. தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அச்செயலிகள் தொடக்கூடாது என 2022இல் ரிசர்வ் வங்கி தடுத்தது. ஒப்பந்தமும் கணக்கு அறிக்கையும் கடன் வாங்கியவரின் மின்னஞ்சலுக்கோ குறுஞ்செய்திக்கோ தாமாகவே வந்துசேர வேண்டும் என்றும் பணித்தது. எந்த வங்கியின் சார்பில் கடன் தருகிறது என்று சொல்லாத செயலியை நிறுவாமலிருப்பதே நலம்.

அடைத்த பிறகு

வீட்டின் பேரில் வாங்கிய கடனை அடைத்துவிட்டுப் பத்திரத்திற்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மில் பலர். 2023 செப்டம்பரில் வந்த விதி அதற்கு முற்றுப்புள்ளி இட முயன்றது. முழுத் தொகையும் செலுத்திய 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்கள் அனைத்தையும் திருப்பித் தந்து, பதிவான ஈட்டையும் நீக்க வேண்டும். தாமதத்திற்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பத்திரத்தை அவர்களே தொலைத்துவிட்டால் சான்றிட்ட நகல் பெற உதவி, செலவையும் ஏற்க வேண்டும். கடனாளி இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஒப்படைப்பதற்கும் ஒரு முறையை வகுத்து அறிவிக்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணத்தைப் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதில் கடன் கழிந்திருந்தால்தான் வேலை முடிந்ததாகும்.

தவணை தவறி நடவடிக்கை வரும் நிலையிலும் கணக்கு கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வரும் 60 நாள் அறிவிப்பில், எவ்வளவு நிலுவை, எந்தச் சொத்து என்ற விவரம் இருக்க வேண்டும். நாம் ஆட்சேபம் எழுதினால், 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். பெருங்கடன்காரர்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றிருக்கிறது. ஒருவரை வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர் என்று அறிவித்த வங்கிக் குழுவின் ஆணையை அவருக்குத் தர வேண்டும் என்று 2019இலும், மோசடிக் கணக்கென அறிவிக்கும் முன்பு தணிக்கை அறிக்கையின் பிரதியைத் தந்து விளக்கம் கேட்க வேண்டும் என்று 2023இலும் தீர்ப்பளித்தது. கோடிகளுக்கு உரிய நியாயம் ஆயிரங்களுக்கு இல்லாமற் போகுமா?

கேட்கும் முறை

வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள். எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளருக்கு, கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, 'எனது மேற்படி கடனுக்குரிய ஒப்பந்தம் மற்றும் இணைப்புகளின் பிரதியையும், கடன் வழங்கிய நாள் முதல் இன்று வரையிலான கணக்கு அறிக்கையையும், அசல், வட்டி, அபராதக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டித் தருமாறு வேண்டுகிறேன்' என்று எழுதினால் போதும். நல்ல தமிழில், நான்கு வரியில் அடங்கும். இரண்டு பிரதிகள் எழுதி ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் விரைவுத் தபால் இருக்கிறது.

அபராதம் பற்றிய பகுதியைத் தனியே கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாமதத்திற்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதன்மேலும் வட்டி ஏற்றுவதை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தடைசெய்தது. கணக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னால்தான் அத்தடை மீறப்பட்டதா என்பது தெரியும்.

30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அரசுத்துறை வங்கியாயின் தகவலறியும் உரிமைச் சட்டம் என்ற இன்னொரு வழியும் உண்டு. 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் சொந்தக் கடன் கோப்பின் பிரதியைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வழக்கு நீதிமன்றம் சென்றுவிட்டால், 1891ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகங்கள் சாட்சியச் சட்டம் இருக்கிறது. வங்கிகள் தங்கள் பேரேடுகளை நீதிமன்றத்துக்குச் சுமந்து வராமல் நகலையே சாட்சியமாகக் காட்டலாம் என்ற வசதிக்காக வந்த சட்டம் அது. ஆயினும் அதன் ஆறாம் பிரிவின்படி, வழக்கில் உள்ள தரப்பினர் அந்த ஏட்டைப் பார்வையிட்டு நகலெடுக்க நீதிபதி அனுமதிக்கலாம்.

நம் பைத்துல்மால்கள்

வங்கியை மட்டும் குறைகூறிவிட்டுப் போவது நியாயமாகாது. வட்டியில்லாக் கடன் வழங்கும் பைத்துல்மால்கள் பல ஜமாஅத்துகளில் அருமையாக இயங்குகின்றன. நகையை ஈடாகப் பெற்று, வட்டியின்றிக் கொடுத்து, தவணையாகத் திரும்பப் பெறுகின்றன. எனினும் அவற்றிலும் பேரேடு செயலாளரின் மேசைக்குள்தான் இருக்கிறது. கடன் பெற்ற சகோதரிக்குக் கொடுக்கப்படுவது ஒரு துண்டுச் சீட்டு. நகையின் எடை சில இடங்களில் எழுதப்படுகிறது, சில இடங்களில் 'வளையல் இரண்டு' என்பதோடு நின்றுவிடுகிறது. நிர்வாகிகள் அமானிதம் பேணுபவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிர்வாகம் மாறும். செயலாளரும் ஒருநாள் மவுத்தாவார். அவருக்குப் பின் வருபவருக்கு அந்த இரண்டு வளையல் எவை என்று எப்படித் தெரியும்?

நகையின் எடையும் அடையாளமும் எழுதி, பைத்துல்மாலின் முத்திரையுடன் இருபிரதியாக ஒரு சீட்டு. ஒவ்வொரு தவணைக்கும் தேதியிட்டுக் கையொப்பமிட இடம் விட்ட ஓர் அட்டை. அச்சிட ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. வாசகத்தைக் கடன் பெறுபவரையே சொல்லவைத்து எழுதினால், அல்பகராவின் அந்த வசனத்தில் உள்ளபடியே ஆகிவிடும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கட்டும்.